கூரையில் எழுதின பேர்

இரும் பிள்ளை, இரும். இஞ்ச இடம் இருக்கு. உந்த முன் சீற்றில இருந்தால் கதவு திறக்கிற நேரமெல்லாம் குளிர் காலைக் கடிக்கும். தமிழ்ப் பிள்ளை எண்டு முகத்தைப் பாத்த உடன விளங்கிப் போச்சு. வேலையால வாறீரோ? ஓ, வயது போன ஆக்களைப் பாக்கிற வேலையோ. நல்லது, புண்ணியம். அப்ப என்னோட கதைக்கிறதும் உமக்கு வேலை மாதிரித்தான், சம்பளம் மட்டும் கிடையாது.

எங்க இறங்கிறீர்? கடைசி ஸ்டொப்போ? அப்ப நேரம் கிடக்கு. நான் கோயிலடியில இறங்கிறன். எங்கட பிள்ளையார் கோயில் தெரியுமோ? முந்திக் கார்ப்பெட் விக்கிற வேர்ஹவுஸா இருந்த கட்டிடம். ஓம் ஓம், அந்த ரயர்க் கடைக்குப் பின்னால இருக்கிறதுதான். அந்தக் கோயிலில இருந்துதான் என்ர மனிசியின்ர பேரை எடுக்கப் போகினம். ஸ்நோ கரைஞ்ச உடன எடுக்கிறது எண்டு முடிவாப் போச்சு. அதுக்குத்தான் நான் போறன். சண்டைக்கில்லை, பயப்பிடாதையும். சண்டையெல்லாம் முந்தின ஞாயிற்றுக்கிழமையே முடிஞ்சுது.

என்ர பேர் தர்மகுலசிங்கம். சிங்கண்ணை எண்டுதான் கோயிலில சொல்லுவினம். இப்ப என்ன சொல்லுகினமோ தெரியாது. மனிசியின்ர பேர் தவமலர். பதினொரு வருசம், அவ போய். ஹார்ட் அற்றாக். அது வேற கதை, அதை விடும்.

நாலு வருசத்துக்கு முன்னம் கோயில் கூரையில சோலார் போடுவம் எண்டு நிர்வாகசபை முடிவெடுத்தது. தலைவர் குகதாசன். வீடு விக்கிற புறோக்கர். பஸ் ஸ்டொப் கதிரையில எல்லாம் அவர் பல்லைக் காட்டிக்கொண்டு இருப்பார், பாத்திருப்பீர். நீர் அவற்ற முகத்துக்கு மேலயே எத்தினை நாள் இருந்தீரோ ஆருக்குத் தெரியும். அவர் கம்பனிக்காரனைக் கூப்பிட்டார். கம்பனிக்காரன் கூரையை அளந்து பாத்திட்டு, தொண்ணூற்றாறு பனல் போடலாம், வரிசைக்கு வரிசை ஆள் நடக்க வழி விடவேணும் எண்டான். தலைவருக்குத் தொண்ணூற்றாறு பிடிக்கேல்லை. ‘தொண்ணூற்றாறு என்ன இலக்கம்? நூற்றெட்டுப் போடும்’ எண்டார். கம்பனிக்காரன் தலையைச் சொறிஞ்சான். நூற்றெட்டுப் போட்டால் நடக்க வழியிராது எண்டான். தலைவர் கேக்கிறார், ‘கூரையில ஆர் நடக்கப் போகினம்?’ சபை முழுக்கச் சிரிச்சுது. நானும் சிரிச்சனான். பொய் சொல்லக் கூடாது.

அப்ப நூற்றெட்டுப் பனல். ஒன்பது வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு. வரிசைக்கு நடுவில ஒரு சப்பாத்து வைக்கிற இடைவெளி. அதுவும் சின்னக் கால்க்காரனுக்கு.

இப்ப, உமக்கு எங்கட சனத்தைத் தெரியும்தானே. கோயிலுக்கு ஒரு ரியூப் லைற் குடுத்தால், வெளிச்சம் வெளியில வராத அளவுக்கு அதில குடும்பப் பேரை எழுதிக் குடுக்கிற ஆக்கள் நாங்கள். பனலுக்கும் அதேதான். ஒரு குடும்பத்துக்கு ஒரு பனல் உபயம், கண்ணாடியில பேர். கம்பனிக்காரன் தலை தலையா அடிச்சான். கண்ணாடியில ஒண்டும் ஒட்டப்படாது, நிழல் விழும், கரண்ட் குறையும் எண்டான். தலைவர் சொன்னார், ‘பேர் இல்லாட்டி ஆர் தருவினம்?’ அதில அவர் சொன்னது சரி. நூற்றெட்டும் ரெண்டு கிழமையில முடிஞ்சுது. பனலின்ர கீழ்க் கரையோட வெள்ளை எழுத்தில பேர் ஒட்டினவை. ஒரு மனிசி மட்டும் எழும்பிக் கேட்டவ, கூரையில எழுதினால் அதை ஆர் வாசிக்கிறது எண்டு. தலைவர் விரலை மேல காட்டி, ‘மேல இருக்கிறவர் வாசிப்பார்’ எண்டார். புறோக்கர்மாரிட்ட மறுமொழிக்குப் பஞ்சம் இல்லைப் பிள்ளை.

என்ர மனிசிக்கு நான் அஞ்சாம் வரிசையில ஒன்பதாவதை எடுத்தனான். அதில மரத்தின்ர நிழலும் விழாது, ஏசிப் பெட்டியின்ர நிழலும் விழாது. காலமை தொடங்கிப் பின்னேரம் வரைக்கும் வெயில். ஏனெண்டு கேளும். தவமலர் வெயிலுக்கு ஏங்கிச் செத்த மனிசி. இந்த நாட்டுக்கு வந்து இருபது வருசமும், ‘வெயில் எப்ப வரும்? வெயில் எப்ப வரும்?’ எண்டதுதான் அவவின்ர கதை. ஏப்ரல் மாசம் ஒரு துண்டு வெயில் சோபாவில விழுந்தால் அதுக்குள்ள போய்க் குந்துவா. வெயில் நகர நகர அவவும் நகர்ந்து இருப்பா. நான் பகிடி பண்ணுவன். அந்தப் பனலைப் பூட்டின அண்டைக்கு மேலால படம் பிடிச்சுப் பெரிய ரிவியில போட்டவை. எல்லாரும் தங்கட பேரைத் தேடினவை. என்ர மகள் ஆரணி, அவள்தான் முதல் கண்டவள். ‘அப்பா, அந்தா அம்மா’ எண்டாள். பிறகு சொன்னாள், ‘அம்மா இனி எந்த நாளும் வெயில்ல இருப்பா’ எண்டு. நாங்கள் ரெண்டு பேரும் அண்டைக்கு நல்ல சந்தோசமா வீட்டை போனனாங்கள். அப்பிடிச் சந்தோசமாப் போய்க் கன வருசம்.

அதுக்குப் பிறகு டிசம்பர் வந்துது.

தலைவர் ஒரு நல்ல காரியம் செய்யிறன் எண்டு கூரையில ஒரு கமரா பூட்டி வச்சவர். அன்னதான மண்டபத்தில ரிவி. சனம் சாப்பிடேக்க தங்கட பனலைப் பாத்துக்கொண்டு சாப்பிடலாம். முதல் ஸ்நோ விழுந்த கிழமை நான் சோத்துக் கோப்பையோட இருந்து நிமிர்ந்து பாக்கிறன். ஒண்டும் இல்லை. வெள்ளைச் சீலை விரிச்ச மாதிரி முழுக்க மூடிக் கிடக்கு. தவமலர் எங்க இருக்கிறா எண்டே தெரியேல்லை. கோப்பையை வச்சிட்டு எழும்பினன். குசினிக்குப் பின்பக்கம் கூரைக்கு ஏற இரும்பு ஏணி ஒண்டு சுவரோட பூட்டிக் கிடக்கு. தும்புத்தடியையும் எடுத்துக்கொண்டு ஏறினன்.

வயதோ? எழுபத்தொண்டு. அப்ப அறுபத்தேழு. அதென்ன வயதே?

ஏறிப் பாத்தால் எல்லாம் ஒண்டுதான். எந்த வரிசை எங்க தொடங்குது எண்டு பிடிபடேல்லை. எண்ணி எண்ணிப் போனன். அஞ்சாம் வரிசை. ஒண்டு, ரெண்டு, மூண்டு. ஒன்பது வந்த உடன கூட்டத் தொடங்கினன். நல்லாக் கூட்டிப் போட்டுப் பாத்தால் ‘சின்னத்தம்பி குடும்பத்தினர்’. விறைச்ச கையோட சின்னத்தம்பி குடும்பத்துக்கு வெயில் குடுத்திட்டன். சின்னத்தம்பி உயிரோட இருக்கேக்க எனக்கு ஒரு ரீயும் வாங்கித் தந்ததில்லை. திரும்ப மற்றப் பக்கத்தால எண்ணி, அவவைக் கண்டுபிடிச்சன். முதல் தெரிஞ்சது ‘மலர்’. பிறகு ‘தவ’. கையுறையைக் கழட்டிப் போட்டுக் கையால துடைச்சு விட்டன். கீழ வந்து ரிவியைப் பாத்தன். அந்த வெள்ளைக்குள்ள ரெண்டு கறுப்புத் துண்டு. ஒண்டு சின்னத்தம்பி. மற்றது அவ. அண்டைக்கு ரெண்டாம் தரமும் சோறு வாங்கிச் சாப்பிட்டன்.

அவ்வளவுதான். ஸ்நோ விழுந்தால் நான் போவன். நாலு குளிர் காலம். விழுந்த அண்டைக்கே போயிடுவன். ரெண்டு நாள் விட்டால் அது இறுகிப் போகும், பிறகு கூட்ட ஏலாது.

என்னைப் பாத்து மற்றச் சனமும் தொடங்கினது. கோயிலுக்குக் கோல் வரும், ‘எங்கட அப்பாவின்ர பேர் மூடிக் கிடக்கு, ஒருக்காத் துடைச்சு விடுங்கோ.’ ஒரு பொம்பிளை ஐயரையே ஏறச் சொன்னவ. பிறகு என்னில குறை. நான் தள்ளிற ஸ்நோ பக்கத்துப் பனலில போய் விழுதாம். அது எங்க விழும்? அந்தரத்தில நிக்குமோ? ‘சிங்கண்ணை எங்கட மாமியின்ர தலையில அள்ளிக் கொட்டுறார்’ எண்டு முறைப்பாடு. மாமி செத்து முப்பது வருசம்! தலைவர் ஒரு நோட்டீஸ் ஒட்டினார். கூரையில ஒருத்தரும் ஏறக்கூடாது, ஸ்நோ தானா உருகும் எண்டு. தானா உருகும். ஏப்ரலில. அதுவரைக்கும் அவ அதுக்குக் கீழ கிடக்கிறதோ? சாமி வரம் குடுத்தாலும் பூசாரி விடான் எண்டு சும்மாவோ சொன்னவை?

விழுந்ததோ? விழேல்லை. சறுக்கினது. சறுக்கிறது வேற, விழுகிறது வேற. ரெண்டாம் வருசம் அந்தச் சப்பாத்து வைக்கிற இடைவெளிக்குள்ள கால் மாட்டுப்பட்டுக் கணுக்கால் வீங்கிப் போச்சு. வீட்டை போய் மோலில சறுக்கினனான் எண்டு சொன்னன். ஆரணி ஐஸ் வச்சுக் கட்டி விட்டாள். அவள் மருந்துக் கடையில வேலை, பார்மசிஸ்ற். கெட்டிக்காரி. கட்டி முடிச்சுப் போட்டு என்ர சப்பாத்தைத் தூக்கி மணந்து பாத்தாள். கோயில் குசினியின்ர தாளிச்ச மணம். அடுத்த நாள் பாக்கிறன், கார்த் திறப்பைக் காணேல்லை. அண்டையில இருந்து நான் பஸ்.

இப்ப இந்த வருசத்துக்கு வருவம். போன மாசம் அந்த ஐஸ் மழை பெய்ததெல்லோ? றோட்டெல்லாம் கண்ணாடி பூசின மாதிரிக் கிடந்துதே, அது. அடுத்த நாள் ஏறிப் பாத்தால் பனல் எல்லாம் ஒரு விரல் மொத்தத்துக்கு ஐஸ். தும்புத்தடி அதில என்ன செய்யும்? வாசலுக்குப் போடுற உப்பை அள்ளிக்கொண்டு போய்ப் போட்டன். அசையேல்லை. ஸ்நோ அள்ளுற சவளால தட்டலாம் எண்டு பாத்தன், கீறிப் போடும் எண்டு பயம். அவ ஐஸுக்குள்ளால தெரியிறா. பேர் தெரியுது பிள்ளை, எழுத்து எழுத்தாத் தெரியுது, ஆனா எடுக்க ஏலாமல் கிடக்கு. அதுதான் என்னை விசராக்கினது. தெரியாமல் கிடந்தாலும் பரவாயில்லை.

கீழ குசினியில அன்னதானத்துக்கு உலை வச்சுக் கிடந்தது. கொதிக்குது. ஒரு வாளி மொண்டன். கயிறு கட்டி மேல இழுத்தன். நீர் சிரிக்கிறீர். எங்கட ஊரில என்ன செய்வம்? இறுகிற சாமானுக்குச் சுடுதண்ணி. தேங்காய் எண்ணெய்ப் போத்தல் உறைஞ்சால் சுடுதண்ணி, மூடி இறுகினால் சுடுதண்ணி, சளி கட்டினாலும் சுடுதண்ணி. சுடுதண்ணி ஒருநாளும் ஒருத்தருக்கும் துரோகம் செய்ததில்லை. ஊத்தினன்.

‘டப்’ எண்டு ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை. பிறகு ஒரு கீறல், அதில இருந்து ஆயிரம் கீறல். முழுக் கண்ணாடியும் சிலந்தி வலை மாதிரிப் போச்சு. அவவின்ர பேருக்கு நடுவால. தண்ணி வழிஞ்சு பக்கத்துப் பனலும் வெடிச்சுது. நான் அந்த வெறும் வாளியோட நிண்டனான், எவ்வளவு நேரம் எண்டு தெரியாது. ஐயர் வந்து கூப்பிட்ட பிறகுதான் இறங்கினனான்.

கம்பனியில இருந்து ஒரு வெள்ளைக்காரப் பெடியன் வந்தான். எனக்கு அவன் கதைக்கிற வேகம் பிடிபடாது. தலைவர் ஆரணியை வேலையில இருந்து கூப்பிட்டு விட்டார், மொழிபெயர்க்கவாம். அவள் அந்த வெள்ளை மேலங்கியோட வந்து நிண்டாள். பெடியன் சொல்லச் சொல்ல அவள் தமிழில சொல்லுறாள். ஒரு வரிசையில இருக்கிற பன்னிரண்டும் ஒண்டோட ஒண்டு கோத்ததாம். கலியாண வீட்டுக்குக் கட்டிற பல்ப் மாலை மாதிரி, ஒண்டு நிண்டால் எல்லாம் நிக்குமாம். மற்றப் பதினொண்டும் மூடிக் கிடக்க ஒண்டை மட்டும் துடைக்கிறதால ஒரு துளி கரண்டும் வராதாம். வெயில் வர எல்லாம் தானா வழுக்கிப் போகும், விட்டிருக்க வேணுமாம். பிறகு அவன் என்னைப் பாத்து ஏதோ கேட்டான். ஆரணி என்ர பக்கம் திரும்பி, ‘நாலு வருசமா நீங்கள் என்னத்துக்கு ஏறினீங்கள் எண்டு கேக்கிறான் அப்பா’ எண்டாள்.

நான் சொன்னன், ‘கரண்டுக்கோ நான் ஏறினனான் எண்டு அவனைக் கேள்.’

அவள் அதை மொழிபெயர்க்கேல்லை. தலையைக் குனிஞ்சு கொண்டு நிண்டாள். எனக்கு அது சரியான கோவம். மொழிபெயர்க்க வந்தால் எல்லாத்தையும் மொழிபெயர்க்க வேணும்.

முந்தின ஞாயிற்றுக்கிழமை பூசை முடியக் கூட்டம். நான் நினைச்சன், உடைஞ்ச பனலுக்குப் பதிலாப் புதுசு வாங்கித் தாறன், பேரைத் திரும்ப ஒட்டுங்கோ, மன்னிச்சுக் கொள்ளுங்கோ எண்டு கேப்பம். சனம் நல்ல சனம், விடும் எண்டு நினைச்சன். தலைவர் எழும்பினார். ஒரு கடிதம் வந்திருக்கு, வாசிக்கிறன் எண்டார். இங்கிலிசில எழுதின கடிதம். அவர் வாசிச்சு வாசிச்சுத் தமிழில சொல்லுறார். கூரையில ஆக்கள் ஏறுறது ஆபத்து, பேர் இருக்கும் வரைக்கும் ஏறத்தான் செய்வினம், ஏணிக்குப் பூட்டுப் போட்டாலும் ஏறுவினம், ஆனபடியால் பேர்களை எடுத்து மண்டபத்துக்குள்ள ஒரு பலகையில எழுதுங்கோ எண்டு. எனக்கு அந்தப் பக்கத்துப் பனல்க்காரர் எழுதின மாதிரித்தான் பட்டுது. நல்லா எழுதியிருக்கிறான், ஆளைப் பிடிக்க வேணும் எண்டு யோசிச்சுக் கொண்டிருக்கிறன். அப்ப தலைவற்ற குரல் மாறிப் போச்சு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். பிறகு வாசிச்சார்.

‘என்ர அம்மாவை ஸ்நோவுக்குள்ள இருந்து எடுத்தது நான்தான். அப்பாவையும் அப்பிடி எடுக்க என்னால ஏலாது. தயவு செய்து முதல் என்ர அம்மாவின்ர பேரை எடுங்கோ.’

அவ்வளவு சனத்துக்கு முன்னால. நான் திரும்பிப் பாத்தன். பொம்பிளையள் பக்கம், கடைசி வரிசையில இருக்கிறாள். என்னைத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறாள்.

இல்லைப் பிள்ளை, நான் உமக்குப் பொய் சொல்லேல்லை. ஹார்ட் அற்றாக் எண்டு சொன்னது உண்மை. டொக்டர் அப்பிடித்தான் எழுதித் தந்தவர். எங்க, எப்பிடி எண்டு நீர் கேக்கேல்லை, நான் சொல்லேல்லை.

தை மாசம். நான் அப்ப பிளாஸ்ரிக் ஃபக்ரறியில நைற் ஷிஃப்ற். காலமை ஏழு மணிக்கு வந்து படுத்தனான். சிற்றிக்காரன் றோட்டைத் துப்பரவாக்கிறன் எண்டு அந்த ஸ்நோ எல்லாத்தையும் எங்கட வாசலில தள்ளி விட்டிட்டுப் போயிட்டான். கல்லு மாதிரி, இடுப்பளவுக்கு. ஆரணிக்கு அண்டைக்குச் சோதினை, கார் வெளியில எடுக்க வேணும். தவமலர் வந்து எழுப்பினா. ‘இஞ்சருங்கோ, வாசல் மூடிக் கிடக்கு, ஒருக்கா எழும்புங்கோ’ எண்டா. நான், ‘பத்து நிமிசம்’ எண்டன். அவ திரும்பவும் வந்தவ எண்டு நினைக்கிறன். போர்வையை இழுத்து மூடினது நினைவிருக்கு. பன்னிரண்டு மணித்தியாலம் மெசினுக்கு முன்னால நிண்டிட்டு வந்து படுத்த மனிசன் பிள்ளை, ஆரும் கேட்டால் சொல்லுவினம், அது குற்றமில்லை எண்டு. அவவே சவளை எடுத்துக்கொண்டு போயிட்டா.

ஆரணி வெளிக்கிட்டுக் கதவைத் திறக்கேக்க அவ கிடந்தவ. அரை மணித்தியாலம் கிடந்திருப்பா எண்டு சொன்னவை. அண்டைக்கு விடாமல் கொட்டினது. முகத்தில, கண்ணில, எல்லாத்திலயும் மூடிப் போச்சு. ஆரணிக்கு முதல் அது ஸ்நோக் கும்பி எண்டுதான் தெரிஞ்சதாம். பிறகு தாயின்ர ஊதாக் கையுறை தெரிஞ்சதாம். அவள் வெறுங்கையால அள்ளி அள்ளி முகத்தைத் துடைச்சிருக்கிறாள். நான் சத்தம் கேட்டு எழும்பி வரேக்க முகம் தெரிஞ்சுது, மற்றதெல்லாம் மூடிக் கிடந்துது. பத்தொன்பது வயது அவளுக்கு.

அவள் ஒருநாளும் என்னைக் கேக்கேல்லை. பதினொரு வருசத்தில ஒருக்காக் கூட, ‘ஏன் அப்பா எழும்பேல்லை’ எண்டு கேக்கேல்லை. கேட்டிருக்கலாம். நான் மறுமொழி எல்லாம் யோசிச்சு வச்சிருந்தனான்.

அதாலதான் சொல்லுறன், அவளுக்குத் தெரியாததே? மற்றச் சனத்துக்கு அது ஸ்நோ. எனக்கு அது அப்பிடியில்லை. அது அவவில விழுந்து கிடந்தால் என்னால வீட்டுக்குள்ள இருக்க ஏலாது. எழும்ப வேணும். இந்த முறை எழும்பிப் போக வேணும். அதை விளங்கிக்கொள்ள வேண்டியவள், பெத்த தாயின்ர பேரைத் தூக்குங்கோ எண்டு சபையில கடிதம் குடுக்கிறாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கையைத் தூக்குங்கோ எண்டார் தலைவர். எல்லாக் கையும் எழும்பினது. பனலில இருக்கிற நூற்றெட்டுப் பேரையும் எடுக்கிறது எண்டு முடிவாச்சு. பனல் மாத்திறவை இப்ப வரமாட்டினம், குளிர் முடியத்தான். அதுவரைக்கும் அந்த உடைஞ்ச பனலில அவவின்ர பேர் கிடக்கும்.

ஒன்பது நாள், நான் அவளோட கதைக்கேல்லை. ஒரு வீட்டுக்குள்ளதான். அவள் சோறு கறி வச்சிட்டு வேலைக்குப் போவாள். அவள் போன பிறகு நான் சாப்பிடுவன். நேற்றுப் பூசணிக்காய்க் கறி வச்சிருந்தாள். தாயின்ர கைப் பக்குவம் அப்பிடியே. சாப்பிட்டு முடிச்சுக் கோப்பையைக் கழுவி வச்சன், அவ்வளவுதான் எனக்கும் அவளுக்கும் இப்ப கதை.

இப்ப வெளியில பாரும். காலமையில இருந்து கொட்டுது. ரெண்டு சாணுக்கு விழும் எண்டு ரேடியோவில சொல்லுறான். இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை. மத்தியானப் பூசை முடிஞ்சு ஐயர் வீட்டை போயிருப்பார், கோயிலில ஒருத்தரும் இல்லை. இரும்பு ஏணிக்குக் கூடு அடிச்சுப் பூட்டுப் போட்டு விட்டாங்கள். ஆனா குப்பைத் தொட்டிக்குப் பின்னால நீட்டு ஏணி ஒண்டு கிடக்கு, திருவிழாவுக்கு லைற் கட்ட வாங்கினது. அலுமினியம். அதைச் சுவரில சாத்தலாம். கீழ ஐஸ் கிடக்கிறதால அடி வழுக்கும், அதுதான் ஒரு சிக்கல். ஒரு ஆள் அடியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டால் காணும். அதுக்குத்தான் கேக்கிறன். நீர் கடைசி ஸ்டொப்புக்குப் போகாமல் கோயிலடியில என்னோட இறங்கும். நீர் ஏறத் தேவையில்லை. அங்கால அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுப் போகலாம். இது கடைசிக் குளிர் பிள்ளை. வாற வருசம் அவவின்ர பேர் அங்க இராது, நானும் ஏறத் தேவையில்லை.

என்ன? ஏன் அப்பிடிப் பாக்கிறீர்?

மகளின்ர நம்பரோ? அது ஏன் உமக்கு? அவள் இப்ப வேலையில நிப்பாள். வேலை நேரத்தில போன் எடுக்க மாட்டாள். எடுத்தாலும் நான் கதைக்க மாட்டன், இப்பவே சொல்லிப் போட்டன். நீர் எல்லாக் கிழவனுக்கும் இப்பிடித்தானோ செய்யிறனீர்? உம்மட வேலை முடிஞ்சு போச்செல்லோ.

எனக்கு ஏணி பிடிக்க ஆள்தான் வேணும். நம்பர் வேண்டாம்.

அடுத்ததுக்கு அடுத்த ஸ்டொப் கோயில். மணியை அடிக்க வேணும். அடியுமன். ஏன் அடிக்கிறீரில்லை?

சரி. சரி, எழுதும். எனக்குப் பாடம், பாத்துச் சொல்லத் தேவையில்லை. நாலு, ஒண்டு, ஆறு. சொல்லச் சொல்ல அமத்தும். ஆனா சண்டை பிடிக்காதையும் அவளோட. அப்பா கோயிலடிக்கு வந்திருக்கிறார், ஏணி பிடிக்க ஆளில்லை, வந்து பிடிக்கச் சொல்லும். வரமாட்டன் எண்டால் விடும். அதை மட்டும் சொல்லும், வேற ஒண்டும் சொல்லாதையும்.

எடுத்திட்டாளோ? பாத்தீரோ, தெரியாத நம்பர் எண்டாலும் எடுத்திட்டாள். சொல்லும். உம்மட அப்பாவோட இருக்கிறன் எண்டு சொல்லும்.

என்ன சொல்லுறாள்? ஏன் பேசாமல் இருக்கிறீர்? சத்தம் இல்லையோ? லைன் வெட்டுப்பட்டிட்டுதோ?

அழுகிறாளோ?

ஐயோ பிள்ளை, அவள் வேற மாதிரி நினைச்சுப் போட்டாள். ‘உங்கட அப்பா’ எண்டு ஆரோ தெரியாத ஆள் போனில சொன்னால் அவள் வேற என்னத்தை நினைப்பாள்? ஸ்நோவும் கொட்டுது. இல்லை எண்டு சொல்லும். கெதியாச் சொல்லும். விடும், நீர் விடும், இஞ்ச தாரும் போனை.

ஆரணி. அப்பா. அப்பாதான் அம்மா கதைக்கிறன். இல்லை. இல்லையம்மா, ஏறேல்லை. கேள், அழாதை, நான் சொல்லுறதைக் கேள். நான் ஏறேல்லை. இன்னும் பஸ்ஸுக்குள்ளதான் இருக்கிறன்.